நட்சத்திரக் குறியில் அகப்படாத மேரிமார்

கணினி பொய் சொல்லாது என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். நானும் நம்புகிறேன். ஆனால் அது கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததைப் பற்றி மூச்சுக்கூட விடாது. இந்தத் தொழிலில் நான் பட்ட பாடுகளில் பாதிக்கு மேல் அப்படி அது மூச்சு விடாமல் இருந்ததால் வந்தவைதான்.

என்னை வழியனுப்பிய அன்று, புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். கட்டளைகளை எழுதித் தந்து என்ன பயன்? அவை உங்கள் விரல் நுனியில் இருக்கின்றன, மறந்தாலும் தேடி எடுத்துவிடுவீர்கள். நான் படித்த கட்டளைகளில் பாதி இப்போது செத்தும் போய்விட்டன. ஆகவே கட்டளை சரியாக வேலை செய்து முடித்த பிறகும் வேலை பிழைத்துப்போன ஒரு பின்னேரத்தைப் பற்றி எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். என்னிடம் வேலை பழகியவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருப்பீர்கள். இன்னொரு தடவை கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் தீவுப்பகுதி மக்களுக்கான கண் பரிசோதனைத் திட்டம் ஒன்றை நடத்தியது. கொழும்பிலிருந்து ஒரு கண் வைத்தியர் வருவார். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, மண்டைதீவு என்று ஒவ்வொரு ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களில் ஆட்களை இருத்திக் கண்ணைச் சோதிப்பார்கள். சோதித்த விபரம் எல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் கணினியில் ஏற்றுவோம். அதைப் புளொப்பியில் கொழும்புக்கு அனுப்பினால், அங்கே ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி கண்ணாடி செய்து பெட்டியில் அனுப்புவார்கள். யாருக்கும் ஒரு சதம் செலவில்லை.

கணினி ஒன்றே ஒன்றுதான். கடற்காற்றில் உப்புப் படியும் என்று அதற்கு ஒரு தனி அறை, பூட்டிய யன்னல், மின்விசிறி. எங்களுக்கு விசிறி கிடையாது. பொறுப்பாளரை நாங்கள் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசன், ஆனால் பதற்றக்காரர். செருப்போடு அந்த அறைக்குள் போனால் கோயிலுக்குள் போனது போலத் திட்டுவார்.

அந்த ஒரு கணினிக்கு நாங்கள் இரண்டு பேர். காலையில் பிலோமினா. மெலிஞ்சிமுனைப் பெட்டை, மீன்பிடிக் குடும்பம், சைக்கிளில் வருவாள். பின்னேரத்தில் நான். இறுப்பிட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவேன், சில நாள் பஸ் என்னைப் பிடிக்காமல் போய்விடும். கத்தோலிக்க ஊர்களின் விபரம் அவளுக்கு, மற்ற ஊர்களின் விபரம் எனக்கு என்று சேர் பிரித்துத் தந்திருந்தார். அவரவர் ஊர்ப் பெயர்கள் அவரவருக்குப் பிழையில்லாமல் வரும் என்பது அவருடைய எண்ணம். அது நல்ல எண்ணம்தான். ஆனால் நானும் பிலோவும் வாசலில் ஒருவரை ஒருவர் கடந்து போகும்போது கதைத்ததெல்லாம் பஸ்ஸையும் சாறியையும் பற்றித்தான். வேலையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததாக ஞாபகம் இல்லை.

கோப்புகளை எப்படி வைத்திருந்தோம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தீவுக்கு ஒரு கோப்புறை. அதற்குள் ஊருக்கு ஒன்று. அதற்குள் சோதனை நடந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. அதற்குள்தான் ஆட்கள். ஓர் ஆளுக்கு மூன்று விதமான கோப்பு இருக்கும். கண்ணாடியின் அளவு ஒன்று. அதற்கு, புள்ளிக்குப் பின்னால் 'கண்' என்று மூன்று ஆங்கில எழுத்தில் வால் வைத்தோம். நோயாளி சொன்ன கதை எல்லாம் இருக்கும் கோப்பு இன்னொன்று, அதற்கு வேறு வால். மூன்றாவது, கணினி தானாகவே எடுத்து வைக்கும் பழைய பிரதி. ஒரு கோப்பைத் திருத்தினால் திருத்துவதற்கு முன் இருந்ததை அது வேறொரு வால் போட்டு ஒளித்து வைத்துக்கொள்ளும். பழைய பிரதியைச் சும்மா குப்பை என்று நினைக்காதீர்கள். முதற் சோதனையை உதவியாளர்கள் செய்வார்கள், பிறகு வைத்தியர் பார்த்து அளவைத் திருத்துவார். பழைய பிரதியில் இருந்தது திருத்தாத அளவு. அந்த அளவில் கண்ணாடி செய்து போட்டால் மனுசருக்குத் தலை சுற்றும்.

கொழும்புக்குத் தேவை கண்ணாடி அளவு மட்டும்தான். எல்லாவற்றையும் அனுப்ப எங்களிடம் இருந்த கொஞ்சப் புளொப்பிகளில் இடமும் இல்லை. ஆகவே அனுப்பும் நாளில் செய்ய வேண்டியது ஒரே ஒரு கட்டளை. எத்தனை கோப்புறைக்குள் எத்தனை கோப்புறை இருந்தாலும் உள்ளே நுழைந்து, முன்னால் என்ன பெயர் இருந்தாலும் சரி, 'கண்' வால் உள்ளவற்றை மட்டும் எடுத்து வா. "என்ன பெயர் இருந்தாலும் சரி" என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி. நீங்கள் இன்றைக்கும் போடுகிற அதே நட்சத்திரம்தான்.

முதல் தடவையாக அனுப்புகிற நாள் வந்தது. வைத்தியர் தன் வான் வண்டியில் கொழும்புக்குப் புறப்படுகிறார். பொழுதுபட முன், தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தைத் தாண்டாவிட்டால் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள், வான் திரும்பி வர வேண்டியதுதான். அடுத்த தடவை எப்போது வருவார் என்று அந்தக் காலத்தில் யாராலும் சொல்ல முடியாது. ரோட்டுத் திறந்திருக்குமா, வான் ஓடுமா, நாங்களே இருப்போமா என்பதெல்லாம் நிச்சயமில்லாத காலம். கரண்ட் மத்தியானமே போய்விட்டது. பின்னால் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் பிலோவும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள்.

நான் கட்டளையைக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. முடிந்ததும் இத்தனை கோப்புகள் நகலெடுக்கப்பட்டன என்று கணினி சொன்னது. பிழை என்று ஒரு சொல் இல்லை. சேர் கையெடுத்துக் கும்பிட்டார். கணினியையா கடவுளையா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மேரி திரேசா வந்தார்.

மெலிஞ்சிமுனையில் வலை பொத்துகிறவர், அதாவது கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுச் சரியாக்குகிறவர். நாற்பதைத் தாண்டியவர். கணவர் சூசைப்பிள்ளை நெஞ்சு நோவால் கடலை விட்டுவிட்டார், வீடு மேரியக்காவின் கையில். வாடைக் காற்றுக் காலத்தில் கிழிந்து வரும் வலைகளைச் சம்மாட்டி இவரிடம்தான் கொடுப்பார். சம்மாட்டி என்றால் வள்ளத்துக்கும் வலைக்கும் சொந்தக்காரர். மேரியக்காவுக்கு இரண்டு கண்ணும் இரண்டு விதம். ஒன்று சின்ன வயதிலேயே பழுது, மற்றது இப்போது கிட்டப் பார்க்க மறுக்கிறது. கடையில் தொங்குகிற கண்ணாடி எதுவும் ஒத்துவராது, இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் செய்துதான் போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். விரலால் தடவித் தடவித்தான் கொஞ்சக் காலமாக வலை பொத்திக்கொண்டிருந்தார். சம்மாட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வாடைக்கு முன்னம் கண்ணாடி வந்தால் பாப்பம், இல்லையெண்டால் வலையை வேறை ஆக்களிட்டைக் குடுக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டார், பிள்ளை" என்றார் மேரியக்கா வாசலில் நின்றபடி. செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்திருந்தார். "டொக்டர் போறார் எண்டு கேள்விப்பட்டனான். அதுதான் ஓடி வந்தனான். என்ர பேர் போட்டுதோ?"

"ஓம், எல்லாற்றை பேரும் போட்டுது, அக்கா" என்றேன்.

அவர் போகவில்லை. "இல்லைப் பிள்ளை, என்ர பேர். அது போட்டுதோ?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல் வந்தது. வெளியே வான் சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான். சேர் புளொப்பியைக் கையில் வாங்க நின்றார். ஆனால் இந்த மனுசி இவ்வளவு தூரம் நடந்து வந்தது 'எல்லாரும்' என்ற சொல்லைக் கேட்க இல்லையே. காட்டிவிட்டு அனுப்புவோம் என்று நினைத்துப் புளொப்பியில் மெலிஞ்சிமுனையைத் திறந்து பார்த்தேன்.

மேரி திரேசா இல்லை. மேரி யோசப்பின் இல்லை. மேரி மாகிறற் இல்லை. மேரி என்று தொடங்குகிற ஒரு பெயரும் அங்கே இல்லை. கொஞ்சம் கீழே பார்த்தேன். அந்தோனிப்பிள்ளையும் இல்லை. மெலிஞ்சிமுனையில் அந்தோனி இல்லையென்றால் அது ஊரே இல்லை.

"பிலோ, உன்ர ஊரிலை மேரி எண்டு ஒருத்தரும் கண் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"விசரே உனக்கு? பாதிச் சனம் மேரிதான்."

"அப்ப எங்கை?"

பிலோ வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகு விளக்கம் வந்தது.

அந்தக் காலக் கணினியில் ஒரு கோப்புக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க ஏலாது. மேரி என்ற சொல்லே ஆங்கிலத்தில் நாலு எழுத்தைத் தின்றுவிடும். மிச்சம் நாலில் திரேசா பாதியில் நின்றுவிடுவார். ஒரே ஊரில் மூன்று மேரி திரேசா இருந்தால் மூன்று பேருக்கும் ஒரே பெயர், ஒன்றை எழுதினால் மற்றது அழியும். எனக்கும் இதே தொல்லை இருந்தது. பரமேஸ்வரிகள் என் பக்கம் ஏராளம். நான் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டேன். பிலோ இலக்கம் போடவில்லை. வாலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கணவனுடைய பெயரின் முதலெழுத்தைப் போட்டாள், ஆண்களென்றால் தகப்பனுடையதை. ஒரு மேரிக்குக் 'கண்' வால், மற்றவளுக்கு எழுத்து என்றால் குழப்பம் வரும் என்று, ஒரே பெயருள்ள எல்லாருக்குமே எழுத்துத்தான்.

"ஏனடி இலக்கம் போடேல்லை?" என்று கத்தினேன்.

"இலக்கமோ?" அவளும் கத்தினாள். "எங்கடை ஊரிலை சூசையின்ர மேரி இருக்கிறா, பேதுருவின்ர மேரி இருக்கிறா. மேரி இரண்டு எண்டு ஒருத்தரும் இல்லை. கண்ணாடி வந்தால் நான் என்னெண்டு கூப்பிடுறது? இரண்டாம் மேரி எழும்பி வாங்கோ எண்டோ?"

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். கண்ணாடியைக் கையில் கொடுக்கிற நேரத்தை யோசித்துத்தான் அவள் பெயர் வைத்திருக்கிறாள். நான் அந்த நேரத்தை யோசிக்கவே இல்லை. ஆனால் என் கட்டளை வாலைத்தான் பார்த்தது. வால் இல்லாத மேரிமாரையும் அந்தோனிமாரையும் ஒரு சத்தமும் போடாமல் தாண்டிப் போய்விட்டது. போனவர்களை எண்ணிச் சொன்னது, விட்டுப்போனவர்களைப் பற்றி அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். விட்டுப்போனவர்கள் அங்கொருவர் இங்கொருவராக இருந்திருந்தால் அது ஒரு கதை. ஆனால் ஒரு விதியைப் போட்டுப் பொறுக்கும்போது விடுபடுகிறவர்கள் அப்படிச் சிதறி விடுபடுவதில்லை. ஒரே மாதிரியானவர்கள்தான் கூட்டமாக விடுபடுவார்கள். அன்றைக்கு ஒரு கரையோரம் முழுவதும் விடுபட்டது. பெயரைப் புனிதர்களிடமிருந்து எடுத்தவர்கள் என்பதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இருக்கிறதைக் குடுத்து விடும், பிள்ளை. மிச்சத்தை அடுத்த முறை அனுப்புவம்."

மேரியக்கா வாசலிலேயே நின்றார். எங்கள் கதை அவருக்கு முழுக்க விளங்கியிருக்காது. ஆனால் 'அடுத்த முறை' விளங்கியது. செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார், போகத்தான். நான் சேரின் பக்கம் திரும்பினேன்.

"அடுத்த முறை எப்ப, சேர்?" என்றேன்.

"அது எனக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாட்டில் அதை அடுத்த முறை எண்டு சொல்லாதேங்கோ."

அப்படி நான் அவரிடம் அதற்கு முன் கதைத்ததில்லை. புளொப்பிக்காக நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப கெதியாய் ஏதாவது செய்யும்" என்றார். அந்தப் பதற்றக்கார மனுசன் அன்றைக்கு எனக்குத் தந்த மிகப் பெரிய உதவி அதுதான். வெளியே போய்ச் சாரதியோடு அரசியல் கதைக்கத் தொடங்கினார். தீவில் ஒருவரை மறிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

என்ன செய்வது? "எல்லாத்தையும் அள்ளிப் போடு, கொழும்பிலை அவங்கள் பிரிக்கட்டும்" என்றாள் பிலோ. இருந்த புளொப்பிகளில் இடம் காணாது. அதைவிட, பழைய பிரதிகளும் சேர்ந்து போகும். ஒரு மேரிக்கு இரண்டு அளவு போனால், எது திருத்தியது, எது திருத்தாதது என்று கொழும்பில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி இல்லாமல் இருப்பதைவிடப் பிழையான கண்ணாடி கேடு. சரி, எல்லா மேரிக்கும் 'கண்' வாலைத் திரும்பப் போடுவோமா? போட்டால் ஒருத்தியின் மேல் இன்னொருத்தி ஏறி அழித்துவிடுவாள். ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுவோமா? ஜெனரேட்டரில் எண்ணெய் அவ்வளவுக்கு இல்லை.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உங்களுக்கு நான் அடிக்கடி சொல்லுவேனே, அவசரம் வந்தால் முதலில் கையை எடு என்று. அன்றைக்குத்தான் அது எனக்கு வந்தது. கையை வைத்துக்கொண்டிருந்தால் அது எதையாவது தட்டத்தான் பார்க்கும்.

அப்போதுதான் கேள்வி பிழை என்று பட்டது. எதை எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிலோ போட்டவை ஊரில் உள்ள தகப்பன்மார், புருசன்மார் எல்லாருடைய முதலெழுத்துகளும். அவற்றை என்னால் முன்கூட்டி அறிய ஏலாது. ஆனால் எதை விடுவது என்பது எனக்குத் தெரியும். பழைய பிரதி வேண்டாம், கதை வேண்டாம். அவற்றின் வால் இரண்டும் கணினியும் நிறுவனமும் வைத்தவை, ஒரு நாளும் மாறாது.

ஆனால் 'இவற்றைத் தவிர' என்று சொல்ல அந்தக் காலத்துக் கட்டளையில் வழி இல்லை. அதற்கு ஒரு சுற்று வழி இருந்தது. ஒவ்வொரு கோப்பிலும் வெளியே தெரியாத ஓர் அடையாளம் உண்டு, 'இது இன்னும் நகலெடுக்கப்படவில்லை' என்று. அதை நாமே போடலாம், நாமே அழிக்கலாம். முதலில் எத்தனை ஆழத்தில் இருந்தாலும் எல்லாக் கோப்புக்கும் அந்த அடையாளத்தைப் போட்டேன். பிறகு பழைய பிரதிகளிலிருந்து அதை அழித்தேன். கதைக் கோப்புகளிலிருந்தும் அழித்தேன். மிஞ்சியவை எல்லாம், வால் எதுவாக இருந்தாலும், எங்களுக்கு வேண்டியவை. அடையாளம் உள்ளதை மட்டும் எடு, எடுத்த கையோடு அடையாளத்தை அழி என்று கட்டளை கொடுத்தேன். ஒரு புளொப்பி நிறைந்து நின்றால் அடுத்ததைப் போட்டு அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்க வேண்டியதுதான், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பச்சை எழுத்துகள் திரும்ப ஏறின. இந்தத் தடவை நான் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. "மேரியக்கா, உள்ளை வாங்கோ" என்று கூப்பிட்டேன். செருப்போடு வந்தார், ஒருவரும் திட்டவில்லை. அவருக்குத் தூரப் பார்வை குறைவில்லை. அறையின் மறுகோடியில் நின்று திரையைப் பார்த்தார். கன்னியாஸ்திரிகளிடம் கொஞ்சம் ஆங்கில எழுத்துப் படித்தவர்.

"மேரி" என்றார். "இன்னொரு மேரி. பேந்தும் மேரி. மாதாவே, எத்தினை பேர்!"

"பொறுங்கோ, உங்கடையை நான் காட்டுறன்" என்று பிலோ திரையில் விரலை வைத்தாள். மேரி திரேசா, புள்ளி, சூசைப்பிள்ளையின் முதலெழுத்து. மேரியக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். புருசனின் எழுத்து தன்னோடு நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வேலை அதோடு முடியவில்லை. அந்தப் பக்கத்தில் கொழும்பில் ஒருவர் இருப்பாரே. அவரும் என்னைப்போல நட்சத்திரத்தைப் போட்டுக் 'கண்' வாலை மட்டும் தேடினால் மேரிமார் அங்கே போயும் விடுபடுவார்கள். ஆகவே புளொப்பிகளோடு நானும் வானுக்கு ஓடினேன். பிலோ ஒவ்வொரு உறையிலும் பெரிய எழுத்தில் 'எல்லாவற்றையும் திறக்கவும், எல்லாம் கண்ணாடி அளவே' என்று எழுதிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். புளொப்பியின் மேல் பேனையை அழுத்தாதே என்று நான் கத்த, உறையில்தான் எழுதுகிறேன் என்று அவள் கத்த, வைத்தியர் யன்னலால் கையை நீட்டி வாங்கினார்.

"வால் வேறை வேறையாய் இருக்கும், டொக்டர். முதலெழுத்து எல்லாம் ஆக்களின்ர அடையாளம். ஒண்டையும் விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"நானே பக்கத்திலை இருந்து பாக்கிறன், பிள்ளை" என்றார். வான் பாலத்தைத் தாண்டிவிட்டதென்று அடுத்த நாள் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று இரவு சேர் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார்.

எதை விடுவது என்று சொல்லி மிச்சத்தை அள்ளுவதிலும் ஒரு விலை உண்டு. வேண்டாதது ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வரும். நயினாதீவுக் கோப்புறைக்குள் சேர் தன் மகளின் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு ஆங்கிலத்தில் எழுதிய பேச்சைத் தனக்குப் பிடித்த ஒரு வாலோடு வைத்திருந்திருக்கிறார். அதுவும் கொழும்புக்குப் போய்விட்டது. பேச்சு நன்றாக இருந்தது, ஆனால் எந்தக் கண்ணுக்கு என்று விளங்கவில்லை என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். சேர் இரண்டு நாள் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அது கவலை தரவில்லை. வேண்டாதது போனால் சிரிப்பார்கள், வேண்டியது போகாவிட்டால் அது ஒருவருக்கும் தெரியவே வராது. எந்தப் பக்கம் பிழைப்பது என்று தெரிவு செய்ய வேண்டி வந்தால், சிரிக்கிற பக்கத்தில் பிழையுங்கள்.

இன்னொன்று. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும், எந்தப் பெரிய நகலெடுப்பு முடிந்தாலும் எனக்குத் தெரிந்த ஓர் ஆளை அங்கே தேடிப் பார்ப்பேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தேடுவேன். 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால், 'இன்னார் வந்தாரா' என்று கேட்பேன். நீங்கள் சில பேர் அதைப் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரியும். சிரியுங்கள், ஆனால் தேடுங்கள்.

வாடை தொடங்க முன் பெட்டி வந்தது. ரோட்டுத் திறந்திருந்த ஒரு கிழமையில் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. பிலோவும் நானும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மெலிஞ்சிமுனைக்குப் போனோம். கோயில் வளவில் சனம் நிறைந்திருந்தது. பிலோ ஒவ்வொரு உறையாக எடுத்துப் படித்துக் கூப்பிட்டாள். "பேதுருவின்ர மேரி! யாக்கோப்பின்ர மேரி! சூசையின்ர மேரி!" ஒருவரும் ஒருவரைப் பார்த்து 'நீயோ நானோ' என்று கேட்கவில்லை. கூப்பிட்ட ஆள் எழும்பி வந்தார், தன் கண்ணாடியை வாங்கிப் போட்டார். பிலோவை எனக்கு அன்றைக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பிடித்தேன்தான்.

மேரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கரைக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே கம்பில் ஒரு வலை காயப் போட்டிருந்தது. அதன் ஒரு பகுதியைக் கையில் தூக்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தார். முகம் சுருங்கியது.

"உது ஆர் பொத்தினது?" என்று கேட்டார்.

வலைக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "வேறை ஆர்? நீர்தான்!"

முடிச்சுகள் கோணல் மாணலாக இருந்தன. ஓரிடத்தில் இரண்டு ஓட்டையை ஒன்றாக இழுத்துக் கட்டியிருந்தது, இன்னோரிடத்தில் ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு முடிச்சு. கையால் தடவிக்கொண்டு வேலை செய்த அத்தனை காலமும் அதில் இருந்தது. மேரியக்கா இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்து முதல் முடிச்சை வெட்டினார்.

சம்மாட்டி வள்ளத்தடியிலிருந்து ஓடி வந்தார். "என்ன செய்யிறீர்? உதை விடும் மேரி! உந்த வலையோடை கடலுக்குப் போய் மீன் கொண்டு வந்தனாங்கள்தானே. ஒருத்தருக்கும் தெரியாது."

மேரியக்கா நிமிர்ந்து புதுக் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார்.

"எனக்கு இப்ப தெரியுது" என்றார். "தெரிஞ்ச பிறகு விட ஏலாது. நாளைக்குப் புது வலை கொண்டு வாங்கோ, அதையும் பொத்துறன். இண்டைக்கு இது."

சம்மாட்டி வலையின் மறு நுனியைத் தூக்கி, வெளிச்சம் படுகிற பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.